வெள்ளிக்கிழமை விழாத சுவர்

க்ரெய்க் ஆர்மராடைப் பிடித்து உட்கார வைப்பது, பொங்குகிற பாலைத் தட்டு போட்டு மூடுகிற மாதிரி. கொஞ்ச நேரம் அடங்கினது போல இருக்கும். அப்புறம் அடுப்பெல்லாம் பால்தான்.

அக்ரிங்டன் ஊரில் பாதிச் செங்கல் தன் கை பட்டது என்று அவனே சொல்லிக்கொள்வான். மீதிப் பாதி அவன் பிறப்பதற்கு முன்னால் வைத்ததாம், அதனால்தான் அது கொஞ்சம் கோணலாம். பள்ளிக்கூடத்தை விட்ட வாரமே மாமா ஒருத்தர் அவன் கையில் கரண்டியைக் கொடுத்துச் சாரத்தில் ஏற்றிவிட்டார். அன்றிலிருந்து கொத்தனார் வேலைதான். அவனிடம் இருந்த ஒரே சான்றிதழ் நீச்சல் குளத்தைக் குறுக்கே ஒரு தடவை நீந்திக் கடந்ததற்குக் கொடுத்தது. அதிலும் பாதி தூரம் தரையில் கால் ஊன்றி நடந்தான் என்பாள் அவன் மனைவி லிண்ட்ஸி.

அப்பேர்ப்பட்டவனுக்கு முழங்கால் போய்விட்டது. ஏணியில் ஏறினால் இரண்டு முழங்காலும் துருப்பிடித்த கதவு மாதிரி கத்தும். தெருவில் போகிற நாய் நின்று அண்ணாந்து பார்க்கும். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இனிமேல் ஏணி, சாரம், மண்டி போடுகிற வேலை எதுவும் ஆகாது என்றார்.

"அப்ப என்னதான் மிச்சம்?" என்றான் க்ரெய்க்.

"உக்காந்து செய்யற வேலை."

நாற்காலி காலியாக இருந்தும் அதை நின்றுகொண்டேதான் கேட்டான்.

வாத்தியார் வேலை என்கிற பேச்சை வீட்டுக்குள் கொண்டுவந்தவள் லிண்ட்ஸி. அக்ரிங்டனுக்கும் பர்ன்லிக்கும் நடுவில் பஸ் ஓட்டுகிறவள். ஒரு நாள் சூப் குடித்துக்கொண்டே சொன்னாள், "சைட்டுல சின்னப் பசங்களைக் காலையிலருந்து சாயங்காலம் வரைக்கும் ஓசியிலயே திட்டிட்டு இருக்க. அதையே சம்பளம் வாங்கிட்டுத் திட்டேன்."

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் அவன் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டான். சூப் ஆறட்டும் என்று ஸ்பூனைக் கீழே வைக்கிற ஆள் இல்லை அவன். அன்றிலிருந்து அவனுக்கு வாத்தியார் ஆக வேண்டும். எவ்வளவு வேண்டும் என்றால், வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிற அளவுக்கு வேண்டும். டிகிரி கிடையாது, நீச்சல் சான்றிதழ்தான் இருக்கிறது. சொன்னால் ஊரே சிரிக்கும்.

அதனால் சொல்லாமல் கொள்ளாமல் வழி தேட ஆரம்பித்தான். ஒரு வழியைப் பிடித்தால் ரெண்டு நாள் தாங்காது.

முதலில் ஆரம்பப் பள்ளிக்கூடம். அங்கே உதவி ஆளாகச் சேர டிகிரி வேண்டாம். சேர்ந்துவிட்டு, சாயங்காலத்தில் படித்து, வருஷக்கணக்கில் படித்து, தலை முழுக்க நரைத்ததும் டிகிரி வாங்கி, பிறகு வாத்தியார் ஆகலாம். ஒரு நாள் பார்த்துவிட்டு வரலாம் என்று போனான். குட்டி நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தான். எழுந்திருக்க முடியவில்லை. வகுப்பே சேர்ந்து, ஆற்றில் விழுந்த மாட்டை இழுக்கிற மாதிரி இழுத்தது. நாற்காலியும் கூடவே வந்தது.

அப்புறம் டங்கன் சொன்ன வழி. டங்கன் பழைய கூட்டாளி, கொத்தனார் வேலையை விட்டுவிட்டு இப்போது பயிற்சிக் கம்பெனி ஒன்றுக்காகச் சைட் சைட்டாகப் போய், வேலை பழகுகிறவர்கள் கட்டினதைச் சோதித்துத் தேறினான், தேறவில்லை என்று பதிவு செய்கிற ஆள். கம்பெனிக் கார், நல்ல சம்பளம். "இதுவும் ஒரு மாதிரி வாத்தியார் வேலைதாண்டா" என்றான் டங்கன். ஒரு நாள் முழுக்க அவனோடு காரில் சுத்தினான் க்ரெய்க். இறங்கினதை விட உட்கார்ந்திருந்ததுதான் அதிகம். மதியத்துக்குள் காரில் அவன் கால் வைத்திருந்த இடத்து மிதியடி தேய்ந்து ஓட்டை விழுந்துவிட்டது என்று டங்கன் இன்றைக்கும் சத்தியம் செய்கிறான்.

மூன்றாவது, ஊருக்கு வெளியே இருக்கிற தொழிற்கல்லூரி. செங்கல் வேலை கற்றுக்கொடுக்க அங்கே ஆள் தேடினார்கள். டிகிரி வேண்டாம், தொழில் தெரிந்தால் போதும். வேலையில் சேர்ந்து, சம்பளம் வாங்கிக்கொண்டே வாரத்தில் ஒரு மதியம் வாத்தியார் பயிற்சி வகுப்புக்குப் போனால் சரி. கேட்டதுமே உள்ளே ஏதோ துள்ளியது. ஆனால் ஒரு நிபந்தனை. ஒரு நாள் வந்து, நிஜ மாணவர்களுக்கு நிஜமாகவே அரை மணி நேரம் பாடம் எடுத்துக் காட்ட வேண்டும்.

துள்ளினது அப்படியே படுத்துக்கொண்டது.

வீட்டில் லிண்ட்ஸி கையில் அகப்பட மாட்டாள், வேலை முடிந்து வந்தால் தூங்கிவிடுவாள். அதனால் அவன் அவளுடைய பஸ்ஸிலேயே ஏறி, முன்னால் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டான்.

"ஓட்டுநரோட பேசாதீங்கன்னு போர்டு இருக்கு பாரு" என்றாள் அவள்.

"அது மத்தவங்களுக்கு."

"அது உனக்காகவே செஞ்சு மாட்டினது. சொல்லு, இன்னிக்கு எந்த வேலை?"

"டங்கன் வேலையே எடுத்துக்கலாமான்னு பாக்குறேன். கார் இருக்கு."

"நேத்து காலேஜுன்ன."

"காலேஜுலதான் பாடம் எடுத்துக் காட்டணுமாமே, லிண்ட்ஸ். எல்லாரும் என் மூஞ்சியவே பாப்பாங்க."

"வாத்தியாரு மூஞ்சிய பாக்காம பின்ன முதுகையா பாப்பாங்க?"

"நான் என்ன பேசுவேன்?"

"ரவுண்டானா வருது, கொஞ்சம் வாய மூடு." பஸ் சுற்றி முடித்தது. "யோவ், ஒண்ணு கேக்குறேன். டங்கன் கார்ல போனியே, அன்னிக்கு ராத்திரி சாப்பிட்டியா?"

"பசிக்கல."

"காலேஜு சேதி வந்த அன்னிக்கு என் தட்டுலருந்தும் எடுத்துத் தின்ன."

க்ரெய்க் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறினான். பின்சீட்டில் புறாக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆள் குரல் கொடுத்தார். "அம்மா, அந்த மனுஷனக் காலேஜு வாசல்ல தள்ளி விட்டுட்டு ஓட்டும்மா. புறாவுக்கே தலை சுத்துது."

செவ்வாய்க்கிழமை காலை க்ரெய்க் காலேஜுக்குப் போனான். சட்டை இஸ்திரி போட்டது. மூன்று தடவை போட்டான், மடிப்பில் கை வைத்தால் அறுக்கும்.

செங்கல் வேலைப் பட்டறை ஒரு பெரிய கொட்டகை. உள்ளே தடுப்புத் தடுப்பாகப் பிரித்து, ஆளுக்கு ஒரு தடுப்பு. ஒவ்வொன்றிலும் அரைகுறைச் சுவர் ஒன்று நின்றது, நடுவில் ஒன்று மட்டும் காலி. சாமான்களைப் பார்த்துக்கொள்கிறவர் நார்மன், மெலிந்த கிழவர். ஊரில் தொலைந்த ஆணி எல்லாம் அவர் சட்டைப்பையில்தான் இருக்கும்.

"கலவை போட்டு வெச்சிருக்கேன் தம்பி. நீங்க எதையும் தொட வேணாம்" என்று தள்ளுவண்டியைக் காட்டிவிட்டு, டீ குடிக்கப் போய்விட்டார்.

க்ரெய்க் குனிந்து கலவையைக் கிள்ளிப் பார்த்தான். விரலில் தேய்த்தான். வெறும் சுண்ணாம்பும் மணலும். சிமெண்ட் என்கிற வாசனையே இல்லை.

இந்தப் பட்டறைகளில் அதுதான் வழக்கம். சிமெண்ட் போடாமல் கட்டினால் சுவர் இறுகாது. திங்கள் முதல் வியாழன் வரை கட்டுவார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் எல்லாச் சுவரையும் உதைத்துத் தள்ளி, செங்கல்லைச் சுரண்டி அடுக்கி, திங்களன்று அதே செங்கல்லில் மறுபடி கட்டுவார்கள். அந்தச் செங்கல்லில் சிலது கட்டப்பட்ட கணக்கைப் பார்த்தால் அரண்மனையே எழும்பியிருக்கும். காலேஜில் தொழில் படித்த எவனுக்கும் இது தெரியும். க்ரெய்க் மாமாவிடம் படித்தவன். மாமா கட்டின சுவரை யாராவது உதைத்திருந்தால், மாமா அந்த ஆளை உதைத்திருப்பார்.

கிழவர் சிமெண்ட் போட மறந்துவிட்டார் என்று நினைத்தான் க்ரெய்க். இந்தக் கூழை வைத்துக்கொண்டு பாடம் நடத்தினால், நடுவில் சுவர் சரிந்து தன் மானமும் சரியும். வாசல் ஓரம், வெளிக் கேட்டுத் தூணுக்கு என்று வாங்கிவைத்த சிமெண்ட் மூட்டை ஒன்று வாய் திறந்து கிடந்தது. ஒரு கை போடலாம் என்றுதான் போனான். அவன் கை ஒரு கையோடு நிற்கிற கை இல்லை. மண்வெட்டியால் போட்டான், கிளறினான், நிறம் பிடிக்கவில்லை, இன்னும் போட்டான். நார்மன் திரும்பி வந்தபோது வண்டியைத் துணியால் துடைத்து நல்ல பிள்ளையாக நின்றான்.

அப்புறம் மாணவர்கள் வந்தார்கள். முன்னால் நின்றவள் கீலி. பப்பில் கிளாஸ் கழுவிக் கழுவிச் சலித்துப்போய் செங்கல் வேலைக்கு வந்த பெண். துறைத் தலைவி ஹேஸல் பின்னால் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். பெயிண்ட் அடிக்கிற வேலையிலிருந்து வாத்தியார் ஆனவள் அவள். யாரையும் முறைக்க மாட்டாள். அதனாலேயே பயமாக இருக்கும்.

"இன்னிக்கு மூலை கட்டுறது எப்படின்னு பாப்போம்" என்று ஆரம்பித்தான் க்ரெய்க். "முதல் கல்லு இப்படி வைக்கணும்." வைத்தான். "ரசமட்டம் இப்படி." வைத்தான். "இப்ப இந்தப் பக்கம்."

அவ்வளவுதான், வாய் நின்றுவிட்டது. கை கிளம்பிவிட்டது. பதற்றம் வந்தால் சிலர் நகம் கடிப்பார்கள், க்ரெய்க் சுவர் கட்டுவான். கல், கலவை, தட்டு, வழி. கல், கலவை, தட்டு, வழி. இரண்டு பக்கமும் படிப்படியாக ஏறிக்கொண்டே போனது. முழங்கால் கத்தியது, அவன் காதில் விழவில்லை. நடுவில் ஒரு பையன் "நான் ஒண்ணு வெக்கவா?" என்று கேட்டான். "இதோ, இதோ, இதை முடிச்சிட்டு" என்றான். முடிக்கவே இல்லை. அரை மணி முடிந்தபோது இடுப்பு உயரத்துக்கு ஒரு மூலை நின்றது. கத்தியால் வெட்டின மாதிரி நேர். வேர்த்துப்போய்த் திரும்பிப் பார்த்தான். எல்லாரும் பாக்கெட்டில் கை விட்டுக்கொண்டு நின்றார்கள்.

"இப்ப கை தட்டணுமா?" என்று கேட்டாள் கீலி.

ஹேஸல் எழுந்து வந்தாள். "சுவரு ரொம்ப அழகா இருக்கு க்ரெய்க்."

"நன்றிங்க."

"யாருக்குக் கத்துக்குடுத்தீங்க?"

அவன் மாணவர்களைக் கை காட்டினான்.

"அவங்க கரண்டியப் பாருங்க."

பார்த்தான். காலடியில் கிடந்த அத்தனை கரண்டியும் கடையில் தொங்குகிற மாதிரி சுத்தமாக இருந்தது. ஒரு துளிக் கலவை ஒட்டியிருக்கவில்லை.

"சொல்லி அனுப்புறோம்" என்றாள் ஹேஸல்.

அதற்கு என்ன அர்த்தம் என்று க்ரெய்க்குக்குத் தெரியும். அவனே எத்தனையோ சித்தாள்களிடம் அப்படிச் சொல்லி அனுப்பியிருக்கிறான்.

புதன், வியாழன் இரண்டு நாளும் வீடு படாத பாடு பட்டது. தோட்டத்துக் கொட்டகைக்குப் பெயிண்ட் அடித்தான். நிறம் பிடிக்காமல் வேறு நிறம் அடித்தான். அதுவும் பிடிக்காமல் கதவைக் கழற்றி மாற்றிப் போட்டான். சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்த நடையில் ஸ்காட்லாந்து போய்த் திரும்பியிருக்கலாம். லிண்ட்ஸி தன் தட்டையும் அவன் பக்கம் தள்ளி வைத்தாள். அவன் தொடவில்லை.

டங்கன் போன் செய்தான். "கம்பெனில வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள பதில் கேக்குறாங்கடா. ஆமாவா, இல்லையா?"

"நாளைக்குச் சொல்றேன்."

ஆமாம் என்றுதான் சொல்லப்போகிறான். காரில் ஏறி உட்கார்ந்து, இறங்கி, அடுத்தவன் சுவரைப் பார்த்துத் தலையாட்டி, மறுபடி ஏறி உட்காருவது. எத்தனையோ பேர் செய்யவில்லையா? வெள்ளிக்கிழமை மத்தியானம் டங்கனைக் கூப்பிடப் போனைக் கையில் எடுத்தான். எடுத்த நிமிஷம் அதுவே அடித்தது.

"க்ரெய்க், ஹேஸல் பேசுறேன். அந்தச் சுவத்துல என்ன போட்டீங்க?"

"கொஞ்சம் சிமெண்ட்."

"எவ்வளவு கொஞ்சம்?"

"கொஞ்சம் தாராளமா."

"நார்மன் உங்க சுவத்த உதைச்சாரு. சுவரு அப்படியே நிக்குது. நார்மன் நிக்கல. உடனே கிளம்பி வாங்க."

சுத்தியலும் உளியும் எடுத்துக்கொண்டு ஓடினான். பட்டறையில் மற்ற சுவர்கள் எல்லாம் விழுந்து, செங்கல் சுரண்டுகிற சத்தம் கேட்டது. நடுவில் அவன் கட்டின மூலை மட்டும் கோட்டை மாதிரி நின்றது. மணல் மூட்டை மேல் நார்மன் ஒரு பூட்ஸைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"இரும்பு வெச்ச பூட்ஸு தம்பி. அதுக்குள்ளயும் என் கட்டை விரலு வயலின் வாசிக்குது. உதைச்ச வேகத்துல பின்னாடி போயி, அந்தக் கடைசித் தடுப்புலதான் உக்காந்தேன்."

"மன்னிச்சிருங்க நார்மன். நீங்க மறந்துட்டீங்கன்னு நினைச்சேன்."

"வேலைக்குச் சேந்த நாள்லருந்து மறந்துட்டுதான் இருக்கேன். அதுக்குத்தான் சம்பளம்."

ஹேஸல் வந்தாள். அப்போதும் முறைக்கவில்லை. "இது கீலியோட தடுப்பு. திங்கக்கிழமை காலையில இதே இடத்துல அவளுக்குப் பரீட்சை. சாயங்காலத்துக்குள்ள இடம் காலியாகணும், செங்கல்லும் முழுசா வேணும்."

"இதோ" என்று க்ரெய்க் மண்டி போடப் போனான். முழங்கால் போட்ட சத்தத்தில் சுரண்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்தார்கள். ஹேஸல் கையை நீட்டிச் சுத்தியலையும் உளியையும் வாங்கினாள். கீலியிடம் கொடுத்தாள்.

"அவ இடிப்பா. நீங்க சொல்லுங்க. கை பாக்கெட்ல இருக்கட்டும்."

"நான் செஞ்சா பத்து நிமிஷங்க."

"செவ்வாய்க்கிழமையும் நீங்களேதான் செஞ்சீங்க."

பாக்கெட்டில் கையை விட்டான். கீலி உளியை வைத்து ஓங்கி ஒரு அடி அடித்தாள். செங்கல் இரண்டாகப் பிளந்தது. க்ரெய்க்குக்குப் பல் பிடுங்கின மாதிரி இருந்தது.

"தப்பு" என்றான்.

"எது தப்பு?"

"அடிச்சது."

"அடிக்காம எப்படி இடிக்கிறதாம்? கெஞ்சணுமா?"

"அப்படி இல்ல. இப்படி, வந்து, இப்படி." பாக்கெட்டுக்குள் கை குதித்தது. பேன்ட் மேலும் கீழும் போனது. பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"பேன்ட்டுக்குள்ள நடக்குறது எங்களுக்குத் தெரியாதுல்ல க்ரெய்க். வாயால சொல்லுங்க" என்றாள் கீலி.

அதுதான் சங்கடம். வாய்க்குத் தெரியவில்லை. கைக்கு மட்டும்தான் தெரியும், கை இதுவரைக்கும் வாயிடம் ஒன்றும் சொன்னதில்லை. க்ரெய்க் ஒரு அடி முன்னால் போனான், பின்னால் வந்தான், சுவரைச் சுற்றினான். கண்ணை மூடிக்கொண்டு, இதே உளி தன் கையில் இருந்தால் அது எங்கே போகும் என்று யோசித்தான்.

"கல்லுல வெக்காத" என்றான் மெதுவாக. "கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல, கலவையில வை. மேல் வரிசையிலருந்து ஆரம்பி, ஓரக் கல்லு. ஓரக் கல்லுக்கு ஒரு பக்கம் பிடிமானம் கிடையாது."

கீலி வைத்தாள். "இங்கயா?"

"இன்னும் படுக்க வை. உளி கூரையப் பாக்கக் கூடாது, எதிர்ச் சுவத்தப் பாக்கணும். இப்ப சின்னதா தட்டு. சின்னதா. சத்தம் எப்படி இருக்கு?"

"டங்னு இருக்கு."

"டங்குன்னா இன்னும் பிடிச்சிட்டு இருக்கு. நகத்தி நகத்தித் தட்டு. பொத்துன்னு கேக்குற வரைக்கும்."

டங். டங். க்ரெய்க்குக்கு நெற்றியில் வேர்த்தது. தானே செய்திருந்தால் இவ்வளவு வேர்த்திருக்காது. அவள் கை வலது பக்கம் சாய்ந்தது, சொல்லலாமா வேண்டாமா என்று தவித்து உதட்டைக் கடித்தான். அவளே நிமிர்த்திக்கொண்டாள். டங். பொத்.

"இப்ப ஒண்ணு பலமா."

செங்கல் முழுசாகப் பெயர்ந்து அவள் கையில் வந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிரசவ ஆஸ்பத்திரியில் பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். ஆயுசு முழுக்க லாரி லாரியாகச் செங்கல் வைத்தவன் க்ரெய்க். அதில் ஒன்றைக்கூட அவனே இப்படிப் பார்த்ததில்லை.

"நின்னு பாத்துட்டே இருந்தா? அடுத்தது" என்றான் அவசரமாக.

மற்றவர்களும் சுரண்டலை விட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள். செவ்வாய்க்கிழமை "நான் ஒண்ணு வெக்கவா" என்று கேட்ட பையன் இப்போது "நான் ஒண்ணு பேத்து எடுக்கவா" என்று கேட்டான். க்ரெய்க் கீலியைப் பார்த்தான். "நீ சொல்லிக்குடு" என்றான். அவள் "படுக்க வை, எதிர்ச் சுவத்தப் பாக்கணும்" என்று அந்தப் பையனுக்குச் சொன்னாள். ஹேஸல் எங்கிருந்தோ வாளியைக் கொண்டுவந்து கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள்.

இரண்டு வரிசை இறங்கினதும் க்ரெய்க்கைத் தன் பக்கம் கூப்பிட்டாள்.

"வாத்தியார் வேலை இப்பத் தர முடியாது."

"தெரியுங்க."

"செவ்வாய்க்கிழமை ஆளுக்குத் தர முடியாது. இன்னிக்கு வந்த ஆளு நாளைக்கும் வருவாரான்னு எனக்குத் தெரியணும். செப்டம்பர்லருந்து நார்மனுக்கு உதவி ஆளா வாங்க. கலவை போடணும், பசங்க பக்கத்துல நின்னு சொல்லிக்குடுக்கணும். வாரத்துல ஒரு மதியம் வாத்தியார் சான்றிதழ் வகுப்புல உக்காரணும். அடுத்த வருஷம் மறுபடி பாடம் எடுத்துக் காட்டுங்க. சம்பளம் கம்மிதான்."

"வகுப்புல உக்காரணுமா?"

"உக்காரணும்."

"நின்னுக்கிட்டுப் படிக்கலாமா?"

"யாருக்கும் மறைக்காம பின்னாடி நின்னுக்கோங்க. எனக்கு இப்பவே பதில் வேணும் க்ரெய்க். விட்டா திங்கக்கிழமைக்குள்ள நீங்க தீயணைப்புப் படையில சேந்திருவீங்க."

"யாரும் என்னக் கேக்கலயே" என்றார் மணல் மூட்டையிலிருந்து நார்மன். "இவரு வரட்டும். சிமெண்ட் மூட்டைய நான் வீட்டுக்குக் கொண்டுபோயி கட்டிலுக்கு அடியில வெச்சுக்குறேன்."

அந்த நேரம் பார்த்து க்ரெய்க்கின் போன் அடித்தது. டங்கன்.

"என்னடா, ஆமாவா இல்லையா? கம்பெனில எல்லாரும் கிளம்பப் போறாங்க."

க்ரெய்க் வாசல் வரை நடந்தான். திரும்பி வந்தான். மறுபடி வாசல் வரை நடந்தான். கார், சம்பளம், மழையில் நனையாத வேலை. இந்தப் பக்கம் கட்டை விரல் வீங்கின ஒரு மனுஷருக்கு எடுபிடி, அதற்கு அப்புறம் ஒரு வருஷம் கழித்து ஒரு "பாக்கலாம்". எந்தப் பைத்தியக்காரன் இதை எடுப்பான்? உள்ளேயிருந்து டங், டங் என்று கேட்டது. அப்புறம் பொத்.

"நான் வரலடா டங்கன்."

"ஏண்டா? எங்க இருக்க நீ?"

"சுவரு இடிச்சிட்டு இருக்கோம்."

"உன் முழங்காலுக்கு அறிவிருக்கா?"

"நான் இடிக்கல. நான் சும்மா நிக்குறேன்."

"நீயா?" என்றான் டங்கன். "உடம்புக்கு ஏதும் இல்லையே?"

போனை வைத்துவிட்டு உள்ளே வந்து ஹேஸலைப் பார்த்துத் தலையாட்டினான். அவளும் தலையாட்டினாள், வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஒரு கைகுலுக்கல் கூட இல்லை. சம்பளம் எவ்வளவு கம்மி என்று கேட்க மறந்துவிட்டோமே என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. பின்னாலேயே ஓடலாமா என்று ஒரு கால் கிளம்பியது.

"க்ரெய்க், இங்க பாருங்க" என்றாள் கீலி. கீழ் வரிசைக்கு வந்திருந்தாள். உளி கொஞ்சம் நிமிர்ந்து நின்றது, ரொம்ப இல்லை, ஒரு இம்மி. இப்படியே அடித்தால் செங்கல் மூலை உடையும். அவன் வலது கை பாக்கெட்டை விட்டு வெளியே வந்து, அவள் மணிக்கட்டுக்கு மேல் வந்து நின்றது.

கீலி தலையை நிமிர்த்தாமல் அந்தக் கையைப் பார்த்தாள்.

"என்ன?" என்றாள்.

"ஒண்ணும் இல்ல" என்றான் க்ரெய்க். "நீ தட்டு. சத்தத்தக் கேட்டுட்டு, அப்புறம் நீயே சொல்லு."